இரண்டாம் பகுதியின் சுருதி

எனக்கும் மூன்று நிமிடப் பாட்டுதான் பிடிக்கும். காரில் ஒரு சிக்னலில் தொடங்கி இன்னொரு சிக்னலுக்குள் முடிந்துவிட வேண்டும். டேல் காஸ்கெல் எழுதியது அப்படியல்ல. பதினோரு நிமிடம், நான்கு பகுதிகள், வயலின்கள், ஊதுகொம்புகள், நடுவே நீண்ட மௌனம். ஆனாலும் குளிக்கும்போது வாயில் தானாக வரும். 1967இல் லாஸ் ஏஞ்சல்ஸில் எல்லாரும் அப்படியொன்றைச் செய்யப் பார்த்தார்கள். செய்தவன் அவன்தான். வயது இருபத்துமூன்று.

நான் அவனுடைய ஒலிப்பதிவாளன், வால்ட் ப்ரூயர். ஜன்னல் இல்லாத அறையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவன். மனைவி விட்டுப் போனபின் வேலை தவிர யாரோடும் எனக்குப் பேச்சில்லை.

கிதார் வாசிக்க வந்த லூ ஒருநாள், "இது பாட்டா, ரயில் பயணமா? நடுவுல சாப்பாட்டுக்கு எறக்கி விடுவீங்களா?" என்றான். டேல் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "வால்ட், நீங்க சொல்லுங்க. சரியா இருக்கா?"

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஏழு மாதம் மதியம் ஒன்றாகச் சாப்பிட்டோம். தன் சாண்ட்விச்சிலிருந்து வெங்காயத்தை எடுத்து என் தட்டில் வைப்பான். அக்டோபரில் நான்கு பகுதிகளின் ஒலிநாடாக்களையும் ஒன்றாக ஒட்டி முடித்தோம். ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமை நியூயார்க் போவதாகவும், இனி அங்கேயே இருக்கப்போவதாகவும் சொன்னான்.

சனிக்கிழமை காலை நான் முன்னதாக வந்தேன். நாடாவை இழுக்கும் உருளையில் மெல்லிய ஒட்டுத்தாளை ஒரு சுற்று சுற்றி, இரண்டாம் பகுதியைப் பிரதி எடுத்தேன். வேகம் கூடிச் சுருதி மயிரிழை ஏறும். பழையதை எடுத்துவிட்டு அந்தப் பிரதியை அங்கே ஒட்டினேன்.

கேட்டதும் டேல் நிமிர்ந்தான். "இந்த இடம் தூக்கலா இல்ல?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். பயணம் தள்ளிப்போனது. திரும்பப் பதிவு செய்தோம். அது சரியானதும் நான்காம் பகுதியைக் கொஞ்சம் இறக்கினேன். பையனுக்குக் காதில் ஏதோ கோளாறு என்று லூவிடம் தனியாகச் சொன்னேன். அவனும் மற்ற வாத்தியக்காரர்களும் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். காது வைத்தியர் குறையில்லை என்றார். அடுத்து மனநல வைத்தியர், மாத்திரைகள். குழாய்த் தண்ணீர்கூடச் சுருதி விலகி விழுவதாக டேல் அழுதபோது நான்தான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குளிர்காலம் எனக்கு நன்றாகப் போனது.

பிப்ரவரியில் ஒரு மதியம் சாப்பாட்டைத் தொடாமல் கேட்டான்: "நிஜத்தச் சொல்லுங்க வால்ட். தப்பு பாட்டுலயா, எங்கிட்டயா?"

"உங்கிட்டதாம்பா," என்றேன்.

தலையாட்டினான். கோட்டை மாட்டிக்கொண்டு போனான். சாண்டா மோனிகாவில் அவன் உடுத்த உடையோடு கடலுக்குள் நடந்ததை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே, அதிகாரி அவர்களே, அவன் காது கடைசிவரை சரியாகத்தான் இருந்தது. கெடுத்தது நான். என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. அடக்கத்தின்போது அவன் அக்கா ஐரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் உங்க ஒருத்தரத்தான் நம்பினான்," என்றாள்.

அதையும் அவள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி யாரும் அவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை.