எந்த நம்பரை எங்கே பார்த்தாள்

காலையில் கடையைத் திறந்ததும் நான் முதலில் தூசியைத்தான் துடைப்பேன். சிவகாசியில் எந்தக் கதவைச் சாத்தினாலும் தூசி உள்ளே வந்துவிடும். கணினிக்கு அது ஆகாது. உங்கள் போலீஸ் ஸ்டேஷன் கணினியையும் ஒருமுறை திறந்து துடைக்கச் சொல்லுங்கள், ஐயா.

என் பெயர் செந்தூர்பாண்டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன், 2003-ல், ஒரு வெப் டைரக்டரி ஆரம்பித்தேன். நம் வட்டாரத்துப் பட்டாசு கம்பெனிகள், அச்சகங்கள், லாரி ஷெட்டுகள், ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றின் முகவரியும் போன் நம்பரும் ஒரே இடத்தில் கிடைக்கும். அச்சங்குளம் வரை பைக்கில் போய் வாசல் வாசலாக விசாரித்துச் சேர்த்தவை.

எம். புதுப்பட்டியில் ஆலை வைத்திருக்கும் சண்முகவேல் அண்ணாச்சியிடம் விளம்பரம் கேட்டுப் போனேன். அவருடைய ஆபீஸ் இங்கே டவுனில் இருக்கிறது. பக்கத்தின் அடியில் பார்வையாளர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைக் காட்டினேன்.

"நம்பரு ஏறுது, சரி. பாக்குறது யாருப்பா? நீயே அமுக்கி அமுக்கி ஏத்துறியோ என்னமோ" என்றார்.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார். நான் திறந்து பார்த்தாலும் அது கணக்கில் சேரும். இணையத்தில் தேடித் தருகிற கம்பெனிகளின் புரோகிராம்கள் தாமாக வந்து படித்துப் போவதும் சேரும். ஒரு பிரவுசிங் சென்டரே திரண்டு பார்த்தாலும் ஒரே ஆள் மாதிரிதான் தெரியும். வருவது மனுஷனா, மிஷினா என்றுகூட எனக்குத் தெரியாது.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். யாரோ முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகத் திறந்துகொண்டே போனார்கள். லாரி வேண்டுமென்றால் லாரி ஷெட்டைப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் படிக்கிறவன் களவாடத்தான் படிக்கிறான். லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் அச்சகத்தில் தீபாவளி சீசன்தோறும் ஊர் நம்பர்களெல்லாம் போட்டு ஒரு போன் டைரி அடித்து இலவசமாகக் கொடுப்பார்கள். அந்த வாரம் டீக்கடையில் பார்த்தபோது, "ஒங்க டைரக்டரி நல்லாருக்கு தம்பி" என்றார். காரணமில்லாமல் ஒரு வியாபாரி எதற்குப் பாராட்ட வேண்டும்?

அதனால் ஒரு நம்பரை மட்டும் மாற்றி வைத்தேன். கம்பெனி நம்பர்களில் கைவைக்க முடியாது; முதலாளிகள் தங்கள் பெயரைத் திறந்து பார்க்கக்கூடும். தீக்காய ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் நம்பரை யாரும் சும்மா பார்ப்பதில்லை. அதை எடுத்துவிட்டு, புதிதாக ஒரு லைன் வாங்கி அந்த நம்பரைப் போட்டேன். கூப்பிடுகிறவர்கள் என்னிடம்தான் பேச வேண்டும். எதைப் பார்த்துக் கூப்பிட்டார்கள் என்று நேராகக் கேட்டுவிடலாம்; டைரியில் பார்த்தோம் என்றால் களவு பிடிபட்டுவிடும். யோசித்துச் செய்த ஏற்பாடு, ஐயா.

அந்தப் போன் வெகுநாள் ஒலிக்கவே இல்லை. லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் புது டைரி ஊருக்குள் வந்துவிட்டது. எனக்கு மட்டும் ஒன்று கிடைக்கவில்லை. வேண்டுமென்றே கொடுக்கவில்லை என்று நினைத்தேன்; அடுத்தவரிடம் வாங்கிப் பார்த்தால் என் சந்தேகம் அவர் காதுக்குப் போய்விடும்.

எம். புதுப்பட்டிப் பக்கம் சத்தம் கேட்ட அன்று மதியம் கடையில்தான் இருந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் எல்லோரும் வெளியே வந்து புகையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். உள்ளே அந்தப் புது லைன் போன் அடித்தது.

"ஆஸ்பத்திரிங்களா?" ஒரு பெண் குரல்.

"ஆமா, சொல்லுங்க" என்றேன். இல்லை என்று சொன்னால் வைத்துவிடுவாள்.

"சண்முகவேல் அண்ணாச்சி ஆபீஸ்ல இருந்து பொன்மணி பேசுறேங்க. புதுப்பட்டி ஆலையில வெடிச்சிருச்சாம். எங்கம்மா மாடத்தி அங்கனதான் வேலை பாக்குறாக. ஆம்புலன்ஸ் அனுப்புங்க."

"சரிம்மா. இந்த நம்பர எங்கன பாத்தீக?"

"என்னங்க?"

"கம்ப்யூட்டர்லயா, டைரியிலயா?"

"எதுல பாத்தா என்னங்க? எங்கம்மா எரிஞ்சு கெடக்காகளாம். சீக்கிரம் அனுப்புங்க."

"அனுப்புறோம். மொதல்ல இதச் சொல்லுங்க."

அவள் அழுதாளே தவிர, சொல்லவில்லை. வைத்துவிட்டாள். வண்டி வரவில்லை என்று மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் கேட்டேன். சரியான ஆம்புலன்ஸ் நம்பர் எனக்கு மனப்பாடம், ஐயா. அதைச் சொல்லியிருக்கலாம், நானே கூப்பிட்டும் இருக்கலாம். ஆனால் அது கிடைத்ததும் என்னிடம் பேச மாட்டாள். அவ்வளவு காலம் காத்திருந்து வந்த ஒரே ஆள்.

மாடத்தியை லோடு வண்டியில்தான் ஏற்றிப் போனார்கள் என்றும், வழியிலேயே போய்விட்டாள் என்றும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகவும் சொன்னீர்கள். இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆம்புலன்ஸ் போகாமல் செய்தது நான்தான்.

லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் டைரியை மேசையில் வைத்தீர்கள், நன்றி. பார்த்தேன். ஆஸ்பத்திரியின் சரியான நம்பர் அதில் இருக்கிறது. அவர் என்னிடமிருந்து எடுக்கவில்லை. அவரைச் சந்தேகப்பட்டது தப்பு, மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால் அந்தப் பெண் என் பக்கத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறாள். இதைக் கொஞ்சம் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தண்டனை எதுவானாலும் சரி, தளத்தை மட்டும் மூடச் சொல்லிவிடாதீர்கள். அதை நம்பிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.