முந்நூத்தி நாப்பதும் பச்சை

— இருபது லிட்டர் தண்ணி கேனைத் தோள்ல வச்சுக்கிட்டு ஆறு மாடி ஏறுறதுக்குப் பேரு உடற்பயிற்சியா தம்பி? கீழ வைங்க. எங்க வீட்டு வாசல்தானே, யாரும் தூக்கிட்டு ஓடிட மாட்டாங்க.

— டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருக்கா.

— எந்த டாக்டர்?

— அது வந்து… தெருமுனையில இருக்காரே, அவர்தான்.

— அவர் பல் டாக்டர்.

— சும்மா பொதுவா சொன்னாருக்கா.

— எனக்கு வம்பு பிடிக்காது, உங்களுக்கே தெரியும். செருப்பு ஸ்டாண்டைத் துடைக்கும்போது கண்ணுல படுது, அவ்வளவுதான். திங்கக்கிழமை படி. செவ்வாய்க்கிழமை படி. நேத்து தெப்பமா நனைஞ்சு வந்தீங்க. லிஃப்ட் கீழயே வாயைத் திறந்துக்கிட்டு நின்னுச்சு. பாம்பைப் பார்த்த மாதிரி ஒதுங்கிப் படியேறினீங்க.

— கீழ நடந்தது மூணாவது மாடியில இருக்கற உங்களுக்கு எப்படி…

— தபால் பெட்டியைப் பார்க்க இறங்கியிருந்தேன்.

— சாயங்காலம் ஏழு மணிக்கா?

— பேச்சை மாத்தாதீங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி இந்த லிஃப்ட்டுக்குப் புது மூளை மாட்டினது யாரு? உங்க கம்பெனி. அதுக்குள்ள ஓடற ப்ரோக்ராமை எழுதினது யாரு? நீங்க. எழுதின ஆளே ஏற மாட்டேங்கறாருன்னா எனக்குச் சந்தேகம் வருமா, வராதா?

— அக்கா, அதுக்கு முந்நூத்தி நாப்பது டெஸ்ட் இருக்கு. அத்தனையும் பச்சை.

— பச்சைன்னா?

— கதவு ஒழுங்கா மூடுதா, சொன்ன மாடியில நிக்குதா, ஆள் அதிகமானா கத்துதா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டி டெஸ்ட். கம்ப்யூட்டரே ஓட்டிப் பார்க்கும். சரியா இருந்தா பச்சை, தப்புன்னா சிவப்பு.

— ஒண்ணுகூடச் சிவப்பு இல்லையா?

— ஒண்ணுகூட இல்ல.

— என் மாமியார் என்கிட்ட ஒரு குறையும் இல்லைன்னு சொன்னாங்கன்னு யாராவது வந்து சொன்னா நான் நம்புவேனா? முந்நூத்தி நாப்பதுல ஒண்ணுகூடவா?

— நீங்க எங்க ஆபீஸ்ல இருக்க வேண்டியவங்கக்கா.

— ஐஸ் வைக்காதீங்க. விஷயத்துக்கு வாங்க.

— அது வந்து… டெஸ்ட்டை முதல்ல எழுதணும். ப்ரோக்ராம்ல ஒரு வரிகூட எழுதறதுக்கு முன்னாடி. அப்ப ஓட்டினா சிவப்பாத்தான் வரும், இன்னும் ஒண்ணுமே எழுதலையே! அப்புறம் எழுதிப் பச்சையாக்கணும். அந்தச் சிவப்பைக் கண்ணால பார்த்தாத்தான், இந்த டெஸ்ட்டுக்குத் தப்பைப் பிடிக்கத் தெரியும்னு நம்பலாம்.

— நீங்க பார்த்தீங்களா?

— எங்க பார்க்கறது? முடிச்சுக் குடுக்க வேண்டிய தேதி கழுத்தைப் பிடிச்சுது. நான் ப்ரோக்ராமை முதல்ல முடிச்சுட்டேன். அப்புறம் அது என்ன பதில் சொல்லுதோ, அதையே ‘சரியான விடை’ன்னு டெஸ்ட்ல எழுதியாச்சு.

— பையன் எழுதின பேப்பரைப் பார்த்து வாத்தியார் விடை தயாரிச்ச கதையா இருக்கே.

— அதேதான். நூத்துக்கு நூறு. போன வெள்ளிக்கிழமை ஏதோ உறுத்துச்சு. கதவுல கை மாட்டினா திறக்கணும்கற வரியை அழிச்சுட்டு ஓட்டிப் பார்த்தேன்.

— ஐயையோ!

— இங்க இல்லக்கா. ஆபீஸ்ல, என் கம்ப்யூட்டர்ல.

— சரி, என்ன வந்துச்சு?

— பச்சை. முந்நூத்தி நாப்பதும்.

— அடப்பாவமே.

— உடனே நானே ஒழுங்கா ஒரு டெஸ்ட் எழுதினேன். கதவு மூடும்போது நடுவுல ஆள் நிக்கறாரு, அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிட்டுத் திரும்பி வருது. கதவு திறக்கணும். ஓட்டினேன். சிவப்பு.

— சிவப்புன்னா? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

— திறக்காது. ஆள் நிக்கறதை மறந்துட்டு மூடும்.

— வெள்ளிக்கிழமையே தெரியுமா? எங்க வீட்டுக்காரர் முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, தினம் பத்து மணிக்குச் சக்கர நாற்காலியில அதுலதான் இறங்குறாரு! அந்த வாசலைத் தாண்டவே அரை நிமிஷம் ஆகுது! நீங்க வேற கீழ நின்னு கதவைப் பிடிச்சுக்கிட்டு ‘பார்த்து வாங்க சார்’னு சொல்றீங்களாம். எவ்வளவு மரியாதையான பிள்ளைன்னு உருகுறாரு மனுஷன்!

— அதுக்காகத்தான்க்கா பிடிக்கறேன். நாலு நாளா ஆபீஸுக்கு லேட்டு.

— ஏறும்போது யாரு பிடிக்கறது? உங்க ஆவியா? வாயைத் திறந்து சொல்ல என்ன கேடு?

— ப்ரோக்ராமை ஆபீஸ்ல சரி பண்ணி வச்சுட்டேன்க்கா. நாளன்னிக்கு சர்வீஸுக்கு வருவாங்க, நானும் கூட நின்னு ஓசைப்படாம மாத்திடுவேன். ரெண்டே நாள்.

— ஓசைப்படாம எதுக்கு? யாரைக் காப்பாத்துறீங்க? ப்ரோக்ராம் எழுதினது நீங்க. அந்தப் பச்சை டெஸ்ட்டெல்லாம் எழுதினது யாரு?

— அது வந்து…

— வரட்டும், நிக்கறேன்.

— எங்க வீட்ல.

— உங்க வீட்டம்மாவா?

— ஒரே டீம்க்கா. அவதான் டெஸ்ட் எழுதினா, எல்லாம் சரின்னு கையெழுத்தும் போட்டா. வெளிய தெரிஞ்சா அவ வேலை போயிடும். வேற எங்கயும் சேர்த்துக்க மாட்டாங்க.

— அதுக்கு எங்க வீட்டுக்காரரைக் கதவுக்கு நடுவுல வச்சு நசுக்கணுமா? நகருங்க. நம்ம அபார்ட்மெண்ட் செக்ரட்டரிக்குப் போன் போட்டு லிஃப்ட்டை இப்பவே நிறுத்தச் சொல்றேன்.

— போடுங்க. நானே பேசறேன். தப்பு என்னோடதுன்னே சொல்றேன். ஆனா அவ பேரை மட்டும் இழுக்காதீங்கக்கா, கெஞ்சிக் கேக்கறேன். அவளுக்கு இது எதுவுமே தெரியாது. அவசரத்துல எழுதிட்டா. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா.

— தெரியாதுன்னா லிஃப்ட்லதானே போய் வருவாங்க?

— விடுவேனா? திங்கக்கிழமையே சொல்லிட்டேன், உடம்புக்கு நல்லது, இனி நாம படிதான்னு. தெருமுனைக் கடைக்கே வண்டியில போறவ. குழந்தையை வேற தூக்கணும். பெரிய சண்டை வரும்னு பயந்தேன். சரின்னுட்டா.

— ஏன், எதுக்குன்னு கேக்கலையா?

— ஒரு வார்த்தை கேக்கலை. என் மேல அவ்வளவு நம்பிக்கை.

— தம்பி, அந்தப் படியில கொஞ்சம் உக்காருங்க.

— எதுக்குக்கா? செக்ரட்டரி போனை எடுத்துட்டாரா?

— அவர் இருக்கட்டும். நீங்க திங்கக்கிழமையிலிருந்துதான் படியேறுறீங்க. உங்க வீட்டம்மா, அந்தப் புது மூளையை மாட்டின அன்னிலிருந்தே, காலையில நீங்க கிளம்பிப் போனதும், இடுப்புல குழந்தையோட படியிலதான் இறங்குறாங்க.