சர்க்கரைத் தண்ணி சோதனை

— பாதியிலேயே ஏன் தம்பி நிறுத்திட்டீங்க? வாயில குழாயை வெச்சு ரெண்டு சொட்டு சர்க்கரைத் தண்ணி, ரெண்டு சொட்டு வெறுந்தண்ணின்னு மாத்தி மாத்தி விட்டீங்க. நான் ஆடாம அசையாமத்தானே படுத்திருந்தேன்?

— நல்லாத்தான் ஒத்துழைச்சீங்கம்மா. கொஞ்சம் இப்படி உட்காருங்க.

— அந்த ஸ்கேன் மெஷின் போடுற சத்தம் இருக்கே! என் தையல் கடையில இருக்கிற மெஷினையெல்லாம் ஒண்ணா ஓட்டினாக்கூட இப்படிக் கத்தாது. சரி, அதை விடுங்க. இனிப்பு பட்டதும் என் மூளை எப்படி எரிஞ்சுது? குண்டு பல்பு மாதிரியா, தெருவிளக்கு மாதிரியா?

— அதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்க நாளாகும்மா. நீங்க எதுக்கு இந்த ஆராய்ச்சிக்குப் பேர் கொடுத்தீங்க?

— என் பேராசையை ஒரு தடவை கண்ணால பார்த்துடணும்னுதான். சிரிக்காதீங்க. முன்னெல்லாம் டீக்கே அரைச் சர்க்கரைதான் தம்பி. நாலு வருஷமா என்னமோ பேய் பிடிச்ச மாதிரி ஆயிட்டேன். வீட்டுக்காரர் சர்க்கரை டப்பாவை அலமாரியில வெச்சுப் பூட்டுறார். பேத்தியோட பிறந்தநாள் கேக்கை, மெழுகுவத்தி ஏத்துறதுக்கு முன்னாலயே பாதி தின்னுட்டேன். "உனக்கு வெக்கமா இல்லையாம்மா"ன்னு என் பொண்ணு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டா. நியாயம்தானே?

— தலைவலி வருமாம்மா?

— வரும். கண்ணாடி மாத்தணும்னு நினைச்சுட்டே இருக்கேன்.

— கண்ணுல என்ன கோளாறு?

— அதை ஏன் கேக்கிறீங்க! ஊசியில நூல் கோத்துடுவேன். ஆனா பக்கத்துலயே வெச்ச கத்தரிக்கோல் தெரியாது. கதவு நிலையில தோளை இடிச்சுக்குவேன். என்ன தம்பி, முகம் ஏன் இப்படிப் போச்சு?

— அம்மா, நான் ஆராய்ச்சி பண்றவன். வைத்தியம் பார்க்கிறவன் இல்லை. ஸ்கேன் படம் பார்த்துச் சொல்ற டாக்டர் மாடியிலேர்ந்து வந்துட்டிருக்காங்க. அவங்கதான் உறுதியாச் சொல்லணும்.

— அது வரைக்கும் என்னை இப்படிப் பாவமாப் பார்த்துட்டே இருப்பீங்களா? எதுவானாலும் சொல்லிடுங்க.

— கூட யாராவது வந்திருக்காங்களா?

— ஒருத்தரும் இல்லை. துணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

— மூளைக்கு அடியில, கண் நரம்பு போற வழியில, ஒரு கட்டி மாதிரி தெரியுதும்மா. அந்த இடத்துல கட்டி வந்த நிறையப் பேருக்கு நல்லபடியாச் சரி பண்ணியிருக்காங்க. பயப்படாதீங்க.

— அங்க வேற என்ன இருக்கு?

— எங்கம்மா?

— அந்தக் கட்டி உட்கார்ந்திருக்கிற இடத்துல.

— பசி, தாகம், சாப்பிட்டதும் போதும்னு சொல்றது, இதையெல்லாம் பார்த்துக்கிற மூளைப் பகுதி அதை ஒட்டித்தான் இருக்கு.

— அப்போ நான் இனிப்புக்கு இப்படிப் பறக்கிறது?

— அதனாலயும் இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா.

— இருக்கலாம்தானே?

— இருக்கலாம். அழாதீங்கம்மா, ப்ளீஸ். யாருக்காவது போன் போடட்டுமா?

— வருத்தத்துல அழலை தம்பி. நாலு வருஷமா கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்த்து நானே துப்பிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கப் போறேன்.