மார்கழியில் பொங்கிய மாவு

மார்கழி மாதத்தில் எங்கள் ஊரில் மாவு பொங்காது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. தங்க வயலில் அடுப்பு பற்றவைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாயங்காலம் ஆட்டி வைத்த மாவு, காலையில் வந்து பார்த்தால் வைத்த அளவிலேயே கிடக்கும். அதில் இட்லி ஊற்றினால் தெருநாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டும்.

நீ சாப்பிடு விநாயக். இன்னும் இரண்டு வைக்கிறேன். உன் கம்ப்யூட்டர் கடைச் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டாய், நாளைக் காலை ரயிலில் பெங்களூர் போகிறாய், என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தாய். வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பினால் நான் மனுஷியா? மனசு உடைந்து போகிறவனிடம் உண்மையைச் சொல்லி அனுப்புவதும் ஒரு முறைதானே. உன் தொழிலில் குறை ஒன்றும் இல்லை. என் பிள்ளை சரத்துக்கு நீ கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் தங்கமான கம்ப்யூட்டர். அதைக் கெடுத்தது நான்.

பதறாதே, புரையேறும். தண்ணீர் குடி.

எங்கள் மளிகைக் கடையில் மற்றதெல்லாம் பேட்டையில் எல்லாக் கடையிலும் கிடைக்கிற சரக்குதான். மாவு மட்டும் என் கை. வெயில் காலத்தில் 'சௌந்தரம்மா மாவு' என்று பெயர் சொல்லி வாங்கிப் போகிறவர்கள், குளிர் வந்ததும் பக்கத்துத் தெரு பார்வதம்மா வாசலில் போய் நிற்பார்கள். அவள் மாவில் சோடா உப்பு போடுகிறாள். இதை நான் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை, கேட்டவர்களிடம் மட்டும்தான் சொன்னேன். அடுத்தவர் பிழைப்பில் மண்ணைப் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

இந்தக் கார்த்திகையில்தான் என் பிள்ளை உன்னிடம் அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டி வாங்கினான். ஒரே பெஞ்சில் படித்தவர்கள், உன்னைத் தவிர வேறு யாரிடம் போவான்? இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளைக் கட்டி முடித்த மாதிரியே படமாக்கி பெங்களூர் கம்பெனிக்கு அனுப்புவது அவன் வேலை. பகலெல்லாம் வரைவான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழும்போது ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு வருவான். அதற்கப்புறம் அந்தக் கிராபிக்ஸ் கார்டு விடிய விடிய உட்கார்ந்து படத்தை வேகவைக்கும்.

வேகவைக்கும் என்று நான் சும்மா சொல்லவில்லை. ஒரு நாள் அலமாரியில் இடமில்லாமல் மாவுப் பாத்திரத்தைக் கொஞ்ச நேரத்துக்கு என்று அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் வைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது மாவு. பஞ்சு. மார்கழிக் குளிரில் பஞ்சு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது விநாயக், பொய் சொல்லவில்லை.

ஒரே தொல்லை, ஃபேன். மேலே காற்று போகிற ஓட்டைகளைப் பாத்திரம் மூடிக்கொண்டதும் கார்டு சூடேறி, உள்ளே இருக்கிற ஃபேன் எல்லாம் அலற ஆரம்பிக்கும். அடிக்கிற காற்றில் மாவின் மேல் அப்பளம் மாதிரி ஏடு கட்டிவிடும். சத்தத்தில் மருமகள் மம்தா தூங்காமல் புரள்வாள். சரத் உன்னைக் கூப்பிட்டான்.

நீ வந்து திறந்து பார்த்தாய். "சயனைடு மேட்டுத் தூசி ஆன்ட்டி, காத்துல வந்து எல்லாத்துலயும் அடையுது" என்று ஊதித் துடைத்தாய். நல்ல காரணம்தான், இந்த ஊரில் பாதி வியாதிக்கு அந்தச் சுரங்கக் கழிவு மேட்டைத்தான் சொல்கிறோம். அப்புறம் திரையில் ஒரு கோட்டைக் காட்டினாய். கோட்டில் அங்கங்கே புள்ளி.

"இன்னா தம்பி அது, கோலம் மாதிரி கீது?" என்று கேட்டேன்.

"ஃபேனோட கோடு ஆன்ட்டி. எவ்ளோ சூட்டுக்கு எவ்ளோ வேகமா சுத்தணும்னு இந்தப் புள்ளி சொல்லும். மேல இழுத்தா வேகம், கீழ இழுத்தா மெதுவு."

"கீழ இழுத்தா இன்னா ஆவும்?"

"சத்தம் இருக்காது. ஆனா கார்டு கொதிக்கும். ரொம்ப கொதிச்சா அதுவே வேகத்த கொறச்சிக்கும், வேலை நகராது."

எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய். நான் பெற்றவன் ஒரு நாளாவது அப்படி உட்கார வைத்துச் சொல்லியிருப்பானா? யோசித்துப் பார்த்தால் இந்த விஷயத்தில் உனக்கும் பங்கு இருக்கிறது. நான் குறையாகச் சொல்லவில்லை.

அதிலிருந்து ரொம்பச் சுலபமாகிவிட்டது. சரத் தட்டில் கை வைத்ததும், "ரூம்ல லைட்டு எரியுது பாரு" என்று நான் எழுந்து போவேன். புள்ளிகளைக் கீழே இழுப்பேன். வாசலில் இவ்வளவு வருஷம் புள்ளி வைத்தவளுக்கு இது ஒரு வேலையா? பாத்திரத்தை ஏற்றி, பழைய கம்பளியால் போர்த்துவேன். சத்தம் அடங்கிவிடும், பெட்டி அடைகாக்கிற கோழி மாதிரி கதகதவென்று இருக்கும். விடிந்ததும் அவன் எழுவதற்குள் பாத்திரம் சமையலறைக்கு வந்துவிடும், புள்ளிகள் மேலே ஏறிவிடும்.

அதனால்தான் நீ பகலில் வந்து பார்க்கும்போதெல்லாம் அது சமர்த்தாக ஓடியது. "நல்லாத்தானேடா கீது" என்று நீ சொல்வாய். "நைட்டு இன்னாடா ஆவுது அப்போ? பாதிப் படம்கூட முடியல" என்று சரத் பல்லைக் கடிப்பான். நீ டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துப் போட்டுப் பார்த்தாய். கார்டுக்குச் சூட்டை இழுக்கிற வெள்ளை பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினாய். முன்பக்கம் இன்னொரு ஃபேன் வைத்தாய். ஒரு நாள் பெட்டிக்குள் மூக்கை விட்டு, "இன்னாமோ புளிச்ச வாசனை வருது, பவர் சப்ளை லீக் ஆவுது போல" என்று அதையும் மாற்றினாய். அன்றைக்கு நான் கொஞ்சம் பயந்தேன். மறுநாளிலிருந்து சாம்பிராணி போட்டேன்.

மாவு வியாபாரம் எப்படி நடந்தது என்று நீயே பார்த்தாய். பார்வதம்மா வாசல் காற்று வாங்கியது. சர்ச்சுக்கார சில்வியா என்னைத் தேடி வந்து, "சௌந்தரக்கா, கிறிஸ்துமஸ் காலைல சர்ச்சுல டிபன், உங்க மாவுதான் வேணும்" என்றாள். சர்ச்சுக்கு இல்லை என்று சொல்ல வாய் வருமா? பெரிய பாத்திரமாக வைத்தேன். கழுத்து வரைக்கும் ஊற்றினேன். அது என் ஆசை, ஒப்புக்கொள்கிறேன்.

பொங்கி வழிந்துவிட்டது. வெளியே வழிந்ததைத் துடைத்தேன். ஓட்டை வழியாக உள்ளே சொட்டியது எனக்கு எப்படித் தெரியும்? சரத் எழுந்து வந்து பார்த்தபோது திரை கறுப்பு. அன்றைக்கு அனுப்பவேண்டிய படம் போயிற்று, அந்தக் கட்டடத்து வேலையையே கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. சர்ச்சில் இட்லி மட்டும் மல்லிகைப்பூ. பாதிரியார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

பண்டிகை நாளென்றும் பாராமல் நீ ஓடி வந்தாய். கார்டைக் கழற்றினாய். அதன் முதுகில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. "இதோ பார்றா, நீ பூசின பேஸ்ட்டு. வழிஞ்சி எரிச்சிருச்சி" என்றான் சரத். நீ அதை நகத்தால் சுரண்டி முகர்ந்தாய். உன் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. அப்போது என்னைப் பார்த்தாய்.

"பேஸ்ட்டு மாதிரிதான் தெரியுது தம்பி" என்றேன்.

நீ வாதாடவே இல்லை. நல்ல பிள்ளை. உன் சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்த கார்டைக் கழற்றிக் கொண்டுவந்து அவனுக்குப் போட்டுக் கொடுத்தாய். அப்படியும் அவன் மனசு ஆறவில்லை. கடைத்தெருவில், நாலு பேர் நடுவில், உன்னைப் பேசாத பேச்செல்லாம் பேசினான். விநாயக் கட்டினால் வெந்து போகும் என்று பிள்ளைகள் பாட்டாகவே பாடினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதற்கப்புறம் உன் கடைப்படி ஏறியவர் யாரும் இல்லை. எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

"அன்னிக்கே ஏன் ஆன்ட்டி சொல்லல?" என்று கேட்கிறாய். கேட்கவேண்டிய கேள்விதான். சொல்லியிருப்பேன் விநாயக், சத்தியமாகச் சொல்லியிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பார்வதம்மா அந்தக் கூட்டத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்லிவிட்டேன். பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது. நீ போய் சரத்திடம் சொல்லலாம், நான் தடுக்கமாட்டேன். சொன்னால் நம்புவானா என்பது வேறு. தோற்றுப்போன மெக்கானிக் போகிற போக்கில் பெற்ற தாய் மேல் பழி போடுகிறான் என்பான். நானும் அழுதுவிடுவேன், எனக்குச் சட்டென்று அழுகை வரும்.

என்னைக் கேட்டால், நீ பெங்களூர் போகவே வேண்டாம். உன் தொழில் சுத்தம் என்று உனக்குத் தெரிந்தாயிற்று, எனக்கும் தெரியும். இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதாதா? போய்ச் சாவியைத் திருப்பி வாங்கு. பொங்கல் வரப்போகிறது, ஆர்டர் குவிந்து கிடக்கிறது. நீ கொடுத்த கார்டு பழையதைவிட நன்றாகச் சூடேறுகிறது, உன் கைராசி அப்படி. இப்போது நீ சாப்பிட்டதுகூட அதில் பொங்கிய மாவுதான். தட்டை ஏன் தள்ளுகிறாய்? இட்லி என்ன பாவம் செய்தது?

ஆனால் அதுவும் ஒரு நாள் எரிந்து போகும், போகாமல் இருக்காது. அன்றைக்கு நீ ஊரில் இருந்தால் சரத் உன்னைத் திட்டுவான், உனக்கும் பழகிவிட்டது. நீ இல்லாவிட்டால்? அந்த அறையைத் தினமும் பெருக்கித் துடைக்கிறவள் மம்தா. வாயில்லாப் பூச்சி. ஒரு பாவமும் அறியாத பெண் மேல் பழி விழும்போது பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் ஆகாது விநாயக். நான் அப்படிப்பட்டவள் இல்லை.