நாற்பது டன்னுக்கு ஒரு சிவப்புக் குறி

மேஸ்திரி: மச்சான்... வாக்கி-டாக்கி கேக்குதா? தூக்கிட்டீங்களா?

கிரேன்காரர்: இல்ல மாப்ள. காத்து அடிக்குது. கொஞ்சம் அடங்கட்டும்.

மேஸ்திரி: அப்பாடா!

கிரேன்காரர்: என்ன அப்பாடா? நேத்து வரைக்கும் சீக்கிரம் சீக்கிரம்னு உயிரை வாங்குன ஆளு நீ.

மேஸ்திரி: இல்ல... ஆளுங்க இன்னும் சாமானுக்கு அடியில வைக்கிற கட்டையைச் சரி பண்ணிக்கிட்டு இருக்காங்க. அதான்.

கிரேன்காரர்: அது காலையிலேயே முடிஞ்சுதுன்னியே!

மேஸ்திரி: முடிஞ்சுது. மறுபடியும் ஒருதடவை பார்க்கச் சொன்னேன்.

கிரேன்காரர்: நீ எங்க நிக்கிற?

மேஸ்திரி: கப்பல் வயித்துக்குள்ளதான். ஃபிளாட் ராக்னு சொல்ற இரும்புத் தட்டு ஆறையும் கட்டிலைப் பக்கத்துல பக்கத்துல போட்ட மாதிரி ஒட்டிப் போட்டு வச்சாச்சு. நீங்க அந்த அரவை மில்லு மெஷினை மேல இறக்க வேண்டியதுதான் பாக்கி. இங்கேருந்து பார்த்தா வானம் மட்டும்தான் தெரியுது. கரையில அது எப்படி நிக்குதுன்னு...

கிரேன்காரர்: அதுக்கென்ன, புதுத் தார்ப்பாயைப் போத்திக்கிட்டு மகாராஜா மாதிரி நிக்குது.

மேஸ்திரி: கயிறு மாட்டிட்டாங்களா?

கிரேன்காரர்: ஆச்சு. நீ போட்ட சிவப்புக் குறிக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. நூல் பிசகல.

மேஸ்திரி: இன்னொரு தடவை கொக்கியை...

கிரேன்காரர்: அட, மூணு தடவை பார்த்தாச்சுப்பா! உனக்கு என்னதான் ஆச்சு? தங்கச்சிகூடச் சண்டையா?

மேஸ்திரி: உங்க தங்கச்சியோட சண்டை போட்டு ஜெயிச்சவன் எவன்? அதெல்லாம் இல்ல.

கிரேன்காரர்: நாலு மணிக்குக் கப்பல் கிளம்பணும். இது கன்டெய்னர் பெட்டி ஏத்துற கப்பல், பஸ் மாதிரி. பெட்டியில அடங்காத உன் ஒரு சாமானுக்காக நிக்காது. விட்டா அடுத்தது மூணு வாரம் கழிச்சு.

மேஸ்திரி: தெரியும். கப்பல் ஏஜென்ட் எட்டு தடவை கூப்பிட்டுட்டார்.

கிரேன்காரர்: அப்போ எடுக்கட்டுமா? காத்து குறையற மாதிரிதான் இருக்கு.

மேஸ்திரி: வேண்டாம்! அதாவது... ஆளுங்க தண்ணி குடிச்சிட்டு வரட்டும்.

கிரேன்காரர்: உள்ள எத்தனை பேரு?

மேஸ்திரி: நாலு பேரு. என்னோட அஞ்சு.

கிரேன்காரர்: குள்ளனுமா?

மேஸ்திரி: அவன் இல்லாமயா? மில்லு இறங்கும்போது கயித்தைப் பிடிச்சுத் திருப்பறதே அவன்தானே.

கிரேன்காரர்: நாப்பது டன் மாப்ள. ஒரு பக்கம் சாஞ்சுதுன்னா ஊஞ்சலாட்டம் ஆடும். உள்ள இருக்கறவனுக்கு ஓட இடம் கிடையாது.

மேஸ்திரி: ஏன் மச்சான் இப்பப் போய் அதைச் சொல்றீங்க?

கிரேன்காரர்: சும்மாதான். குறி சரியா இருந்தா ஏன் சாயப்போகுது? சரி, எடுக்கறேன்.

மேஸ்திரி: இருங்க, இருங்க! இந்த லைன்ல வேற யாராவது இருக்காங்களா?

கிரேன்காரர்: நாம ரெண்டு பேருதான்.

மேஸ்திரி: எடுக்காதீங்க. அந்தக் குறி... நான் போட்டது.

கிரேன்காரர்: நீதானே போடணும்? கனம் நடுவுல நிக்கிற இடம் இதுன்னு உள்ள கம்பெனிக்காரன் போட்ட குறியைப் பார்த்து, தார்ப்பாய் மேல அதே இடத்துல போடறது உன் வேலைதானே?

மேஸ்திரி: உள்ள பார்க்கல மச்சான். லாரியில வரும்போதே தார்ப்பாயைச் சுத்திப் பட்டை அடிச்சுத்தான் வந்துச்சு. பிரிச்சா அரை நாள் ஆயிடும். டேப்பைப் பிடிச்சு நீளத்துல பாதி எங்கயோ, அங்க பூசிட்டேன்.

கிரேன்காரர்: பாதியிலயா!

மேஸ்திரி: ஆமா. பல் சக்கரம், மோட்டார் எல்லாம் ஒரு கோடியில இருக்கு, கனம் முழுக்க அந்தப் பக்கம்தான்னு அப்ப மண்டையில ஏறல. இன்னைக்குப் பல் தேய்க்கும்போதுதான் சுரீர்னுச்சு.

கிரேன்காரர்: அப்பவே சொல்றதுக்கென்ன?

மேஸ்திரி: பயம் மச்சான்! கப்பல் போயிடும், என் பேரும் சேர்ந்து போயிடும். அப்புறம் எவன் என்னை நம்பிப் பெரிய சாமானைக் குடுப்பான்? ஒருவேளை சாயாம வந்துடும்னு மனசைத் தேத்திக்கிட்டு நின்னேன். இப்ப குள்ளன் கயித்தோட நின்னு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்... என்னால முடியல. நிறுத்திடுங்க. நானே மேல வந்து அதிகாரிகிட்ட சொல்லிடறேன்.

கிரேன்காரர்: வேலை போயிடும்டா.

மேஸ்திரி: போகட்டும்.

கிரேன்காரர்: சரி, ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு மெதுவா ஏறி வா. காத்து அடிக்குதுன்னது சும்மா, காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. நேத்து நீ டேப்போட நின்னப்பவே எனக்குச் சந்தேகம். கயிறு மாட்டினதும் ஒரு விரக்கடை தூக்கிப் பார்த்தேன், ஒரு முனைதான் எழும்புச்சு... உடனே இறக்கி வச்சுட்டேன். சரக்கைச் சோதிக்கிற சர்வேயரை நான்தான் வரச் சொன்னேன், கம்பெனி வரைபடத்தோட கீழ நிக்கிறார். நீயா வாயைத் திறக்க அவர்கிட்ட கால் மணி நேரம் கேட்டு வாங்கியிருந்தேன் மாப்ள... அதுல இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கு.