நானூற்றுக்குக் கீழே

தீபாவளி முடிந்துவிட்டால் தில்லியில் யாருக்குத்தான் இருமல் இல்லை, சார்? தொண்டைக்கு இதமாக ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

பள்ளிக்கூட மொட்டைமாடியில் இருக்கும் காற்றளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் மாசு எண் நானூற்றைத் தாண்டினால் பள்ளிக்கு விடுமுறை. விடுமுறை விட்டால் பெற்றவர்கள் பதறுவார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்து நிற்பார்கள். "திரிலோக், நம்பர் ஏறினா உன் வேலை இறங்கிடும்பா" என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொல்வார். அதனால் காலையில் கருவியைச் சுற்றி ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சுவேன். அந்த நாலு முழத்துக்குத் தூசி அடங்கும், எண்ணும் இறங்கும். மற்றபடி, நான் யாரையும் கைநீட்டி அடித்தவன்கூட இல்லை.

அன்று விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை. சுனைனா டீச்சர் மைதானத்திலிருந்து அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"அண்ணே, எதிர்க் கட்டடமே தெரியலையே. பிள்ளைங்கள ஓட விடலாமா?"

"முந்நூத்தி எண்பதுதான் டீச்சர். இது வெறும் பனிமூட்டம். தாராளமா ஓடட்டும்."

ஹிமானிக்கு ஒன்பது வயது. வகுப்பில் என் மகள் நீர்ஜாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். மூன்றாவது சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மாடியிலிருந்தே பார்த்தேன். வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்தப் புகை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன குளிர்காலத்தில் நீர்ஜாவுக்கு மூச்சு இழுத்தபோது டாக்டர் விளக்கினார். "மூச்சுக்குழாய்க்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாத மயிரிழைங்க இருக்குப்பா. தூசியைக் கூட்டி வெளியே தள்ளுறது அதுங்கதான். புகை அதைப் பொசுக்கிடுது. அப்புறம் உள்தோல் புண்ணாகி, வீங்கி, வழியே அடைச்சுக்கும். இந்த மாதிரிப் பிள்ளைங்கள புகையில ஓட விட்டுடாதீங்க."

இப்போது பயமாக இருக்கிறது, சார். தெருவில் ஒரு குழந்தை இருமினாலே வேறு பக்கம் திரும்பி நடந்துவிடுகிறேன். உங்கள் போலீஸ் உடுப்புக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை. நீர்ஜா கேட்ட கேள்விக்குத்தான் பயப்படுகிறேன். "பப்பா, எனக்கு ஜுரமே இல்லையே. அன்னிக்கு மட்டும் ஏன் ஸ்கூலுக்குப் போக வேணாம்னீங்க?"

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அன்று காலையில் மாடிக்குப் போனதும் எண்ணைப் பார்த்தேன். நானூற்று எழுபது. உடனே வீட்டுக்குப் போன் போட்டு, குழந்தையை வெளியே விடாதே, ஜன்னலையெல்லாம் சாத்து என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் தண்ணீரைத் திறந்தேன்.