ஆறு மணிக்கு மேல் இரட்டைப் படி

பால் பாக்கெட் இரண்டிலிருந்து ஒன்றானதில் எனக்கு வருத்தமே இல்லை, சார். பால் இல்லாத டீயும் பழகிவிட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. என் மனைவிதான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டாள்.

லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே கம்பெனி. இந்த வருடம் புது ஒப்பந்தம் எதுவும் வராததால் எல்லோருக்கும் பாதிச் சம்பளம் என்று அறிவித்தார்கள். "மூணே மாசம்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடுங்க" என்றார் மேனேஜர். அந்தப் பாதி, வீட்டுக் கடன் தவணைக்குச் சரியாகப் போய்விடும். வீடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தரைத்தளத்தில் இரண்டு அறை. லிஃப்ட் கிடையாது.

மனைவி சமாளித்தாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். மகளின் நீச்சல் வகுப்பை நிறுத்தினாள். முன்னறையில் மேஜையைப் போட்டு அக்கம்பக்கத்துத் துணிகளை இஸ்திரி போட ஆரம்பித்தாள். ஒருநாள் கையிலிருந்த சட்டையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பேங்க்ல போய் நிலைமையச் சொன்னா என்ன? மூணு மாசம் வட்டி மட்டும் கட்டச் சொல்லுவாங்களாம். எதிர்வீட்டு அக்கா அப்படித்தான் செஞ்சாங்க."

"கடன்காரன்னு பேர் வாங்கச் சொல்றியா?"

"இப்ப மட்டும் நம்மள வேற என்னன்னு நெனைச்சிருக்காங்க?"

அவளுக்கு வாய் அதிகம். நான் பேங்குக்குப் போகவில்லை. அங்கே கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் என்னோடு படித்தவன்.

சம்பளம்தான் பாதி. பழுது என்று அழைப்பு வந்து போனால் கிடைக்கும் படிக்காசு முழுசாகவே வந்தது. ஆறு மணிக்கு மேல் போனால் இரட்டைப் படி. ஆனால் என் பொறுப்பில் இருந்த கட்டடங்களில் லிஃப்ட் பழுதாகாது. அவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தேன். ஒழுங்காக வேலை செய்பவனுக்குத்தான் இப்படியொரு சோதனை வரும்.

லிஃப்ட் கதவுக்கு மேலே சின்ன ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. கதவு மூடிவிட்டது என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். அதன் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால், ஓடுகிற அதிர்வில் சில நாளில் தானாக விலகிவிடும். கதவு திறந்திருப்பதாக எண்ணி லிஃப்ட் நின்றுவிடும். இதில் ஆபத்து எதுவும் இல்லை, சார். நின்ற லிஃப்டை விடப் பத்திரமான லிஃப்ட் உலகத்தில் கிடையாது. ஒரு வாரம் ஒரு கட்டடம், அடுத்த வாரம் வேறு கட்டடம் என்று மாற்றி மாற்றிச் செய்தேன். ஆஸ்பத்திரி லிஃப்டைத் தொட்டதே இல்லை. எனக்கும் மனசாட்சி உண்டு.

வீட்டில் மறுபடி இரண்டு பாக்கெட் பால் வந்தது.

அந்த நர்ஸம்மாவை எனக்குத் தெரியும். அந்த வாரம் நான் திருகைத் தளர்த்திய கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் குடியிருந்தார். என்னை எப்போது பார்த்தாலும், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அன்றைக்கு டியூட்டி முடிந்து வந்தவர், மேலே போகும்போது நான்காவது மாடியைத் தாண்டியதும் மாட்டிக்கொண்டார். வாட்ச்மேன் போன் செய்தபோது நான் அடுத்த தெருவில் டீக்கடையில் இருந்தேன். ஆறு மணியாக இன்னும் நேரம் இருந்தது.

"வந்துக்கிட்டே இருக்கேன். ஒரே டிராஃபிக்" என்றேன்.

மறுபடி அழைத்தார். அதையே சொன்னேன். மூன்றாவது முறை, கதவிடுக்கில் போனைப் பிடித்து நர்ஸம்மாவையே பேச வைத்தார்.

"அண்ணே, பிள்ளைக்குக் காய்ச்சல். பார்த்துக்கிற பொண்ணு ஆறு மணிக்குக் கிளம்பிடும். அவன் அழுறது இங்க வரைக்கும் கேக்குது. சீக்கிரம் வாங்கண்ணே."

"பயப்படாதீங்கம்மா. உள்ளேயே இருங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். பாருங்கள், உள்ளேயே இருக்கத்தான் சொன்னேன். இன்னொரு டீ வாங்கிக்கொண்டேன்.

ஆறு அடித்த பிறகு எழுந்து நடந்தேன். நான் போவதற்குள் வாட்ச்மேன் பரிதாபப்பட்டு நான்காவது மாடிக் கதவை நெம்பித் திறந்திருக்கிறார். லிஃப்ட் தரையை விட நெஞ்சளவு உயரத்தில் நின்றிருந்தது. நர்ஸம்மா விளிம்பில் உட்கார்ந்து கீழே சறுக்கி இறங்கியிருக்கிறார். கால் தரையைத் தொட்டதும் உடம்பு பின்னால் சாய்ந்துவிட்டது. பின்னால், லிஃப்டுக்கு அடியில், வெறும் பள்ளம். அடிவரைக்கும் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. இதையெல்லாம் வாட்ச்மேன் சுவரில் தலையை முட்டிக்கொண்டே சொன்னார். படிக்கட்டில் அந்தப் பையன், இடுப்பில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, "அம்மா லிஃப்ட்ல வராங்களா?" என்று என்னிடம்தான் கேட்டான். லிஃப்ட் கம்பெனி யூனிஃபார்ம் போட்டிருந்தது நான் மட்டும்தான்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் திருகை முடுக்கிவிட்டேன். கைப்பழக்கம்.

நீங்கள் வாட்ச்மேனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பிள்ளைகுட்டிக்காரர். அவர் கதவைத் திறந்தது தப்புதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் லிஃப்டை நிறுத்தியது நான். தாமதமாகப் போனதும் நான். அந்த இரண்டையும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். மீதியை நீங்கள் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அந்த விபத்துக்குப் பிறகு ஊரிலுள்ள கட்டடக்காரர்கள் எல்லோரும் பயந்துபோய் லிஃப்டைச் சோதிக்கக் கூப்பிட்டார்கள். கம்பெனியில் தலைக்கு மேல் வேலை. மூன்று மாதம் முடியும் முன்பே முழுச் சம்பளம் வந்துவிட்டது. "ஒரு வழியா மூச்சு விட்டோம்" என்றாள் மனைவி. இஸ்திரி மேஜையை மடித்து வைத்தாள்.

அன்றைய அழைப்புக்கும் படி எழுதிக் கொடுத்தேன். இரட்டைப் படி. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறைத் தாண்டியிருந்தது, அது உண்மை. வேலை விஷயத்தில் நான் பொய்க்கணக்கு எழுதியதே இல்லை, சார்.